மாஸ்ட் செல்லைத் திறக்கும் பெப்டைடு ஹார்மோன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் செவிலியப் படிப்பிலும் ஆய்வக நுட்பப் படிப்பிலும் சேர்ந்திருக்கும் மாணவர்களுக்கு மாலை நேரத்தில் உடலியங்கியல் பாடம் எடுத்து வருகிறேன். அவர்கள் வகுப்பில் கேட்டவையும், நான் இப்பாடம் நடத்துவதை அறிந்து எங்கள் தெருவில் உள்ளவர்கள் வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்டவையும் இங்கே சேர்ந்திருக்கின்றன. தோல் தடித்து அரித்தால் உடனே அதற்கு "அலர்ஜி" என்று பெயர் வைத்துவிடுகிறோம். ஆனால் அலர்ஜிக்கு உரிய எதிர்ப்பொருள் ஒரு துளிகூட இல்லாத உடலிலும் அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகளான சில பெப்டைடுகளால், மாஸ்ட் செல்லில் அடைந்திருந்து அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியே கொண்டுவந்துவிட முடியும். இந்த வேறுபாடு தெரியாததால் நோயாளிகள் தேவையான மருந்தை இழப்பதைப் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மாஸ்ட் செல் என்பது என்ன? அது இரத்தத்தில் ஓடுகிறதா?

இல்லை. அதன் முன்னோடி செல்கள் எலும்பு மஜ்ஜையில் தோன்றி இரத்தத்தின் வழியே பயணம் செய்தாலும், முதிர்ந்த மாஸ்ட் செல் திசுக்களிலேயே தங்கி வாழ்கிறது. தோல், மூச்சுப்பாதை, குடல் ஆகியவற்றில் நுண்ணிய இரத்தக்குழாய்களை ஒட்டியும் நரம்பு முனைகளை ஒட்டியும் அது அமர்ந்திருக்கும். நரம்பு முனைக்கு அருகில் இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது தேவைப்படும். 1878ஆம் ஆண்டு தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இச்செல்லை விவரித்த ஜெர்மானியர் பால் எர்லிக், உள்ளே நிறைந்திருந்த குறுமணிகளைக் கண்டு, நன்றாகத் தீனி தின்று கொழுத்த செல் என்ற பொருளில் அதற்குப் பெயரிட்டார். மணிகள் உணவு அல்ல என்பது பின்னால் தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நான் மாணவனாக இருந்தபோது எலியின் குடல்தாங்கிச் சவ்வை ஒரு கண்ணாடித் தகட்டில் விரித்து, டொலுயிடின் நீலம் என்னும் சாயத்தை இட்டு நுண்ணோக்கியில் பார்க்கச் செய்தார்கள். சாயம் நீலம். சுற்றியுள்ள திசுவும் வெளிர் நீலமாகத்தான் தெரிந்தது. மாஸ்ட் செல் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் மணி மணியாக நின்றது. மணிகளுக்குள் இருக்கும் ஹெப்பாரின் என்னும் பொருளின் அடர்ந்த எதிர்மின்சுமை சாயத்தின் நிறத்தையே மாற்றிவிடுகிறது. அதே சவ்வின் மற்றொரு துண்டில் "கூட்டுப்பொருள் 48/80" என்ற செயற்கைப் பொருளை ஒரு துளி விட்டுச் சாயமேற்றியபோது, செல்லின் விளிம்பு கலைந்து, முறத்திலிருந்து சிதறிய கேழ்வரகு போல மணிகள் நாலாபக்கமும் இறைந்து கிடந்தன. இந்தப் பாடத்தின் பாதியை அந்த இரண்டு துண்டுகளே எனக்குச் சொல்லிக்கொடுத்தன.

ஹிஸ்டமின் அந்த மணிக்குள் எப்படி அடங்கியிருக்கிறது?

நாம் உண்ணும் புரதத்தில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து, ஹிஸ்டிடின் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி ஒரு கார்பன் டைஆக்சைடை நீக்கினால் ஹிஸ்டமின் கிடைக்கிறது. அது நேர்மின்சுமை உடையது. ஹெப்பாரினோ எதிர்மின்சுமை உடையது. ஆகவே மணிக்குள் இருக்கும் அமிலச் சூழலில் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அமைதியாக இருக்கின்றன. மணியின் வாய் வெளிப்புறம் திறந்ததும், திசுநீரில் உள்ள சோடியம் உள்ளே புகுந்து ஹிஸ்டமின் இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, ஹிஸ்டமின் விடுபட்டு வெளியேறுகிறது. உடலில் உள்ள ஹிஸ்டமினின் முக்கிய இருப்பிடம் மாஸ்ட் செல்லே என்பதை 1950களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ரைலி, ஜெஃப்ரி வெஸ்ட் ஆகிய இருவரும் நிறுவினார்கள்.

வழக்கமான அலர்ஜியில் நடப்பது என்ன?

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பொருள் முதல்முறை உடலில் நுழையும்போது சிலருக்கு அதற்கெதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உருவாகிறது. 1966இல் இஷிசாகா தம்பதியர் கண்டறிந்த இந்த எதிர்ப்பொருள் மாஸ்ட் செல்லின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அதே பொருள் மறுபடியும் வந்து, அருகருகே உள்ள இரண்டு ஐஜிஇக்களைப் பாலம்போல் இணைத்தால் செல் திறக்கிறது. எனவே இவ்வழிக்கு முன்அறிமுகம் தேவை. பெப்டைடு வழிக்கு அது தேவையில்லை.

எந்தெந்தப் பெப்டைடு ஹார்மோன்கள் இதைச் செய்கின்றன?

அதிகம் ஆராயப்பட்டது சப்ஸ்டன்ஸ் பி. 1931இல் உல்ஃப் வான் ஆய்லரும் ஜான் காடமும் கண்டறிந்த இது, 11 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு சங்கிலி. நரம்பு முனைகளிலிருந்து சுரப்பதால் இதை நரம்புப் பெப்டைடு என்பதே சரி. ஆனால் ஹார்மோனுக்கும் நரம்புப் பெப்டைடுக்கும் இடையே உள்ள வேலி உயரமானதல்ல, ஒரே மூலக்கூறு ஓரிடத்தில் ஹார்மோனாகவும் இன்னோரிடத்தில் நரம்பின் தூதாகவும் வேலை செய்கிறது. 14 அமினோ அமிலங்கள் கொண்ட சொமாட்டோஸ்டாட்டின், அதன் நெருங்கிய உறவான கார்ட்டிஸ்டாட்டின், 28 கொண்ட வேசோஆக்டிவ் இன்டெஸ்டைனல் பெப்டைடு, 13 கொண்ட நியூரோடென்சின், அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனின் முதல் 24 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு ஆகியவையும் ஆய்வகத்தில் மாஸ்ட் செல்லிலிருந்து ஹிஸ்டமினை வெளியேற்றுகின்றன. குளவி விஷத்தில் உள்ள மாஸ்டோபரான் என்ற பெப்டைடு இதே வேலையைச் செய்வதால்தான் அதன் பெயரிலேயே மாஸ்ட் வந்து உட்கார்ந்திருக்கிறது.

செய்யும் தொழிலால் இவற்றுக்குள் எந்த ஒற்றுமையும் இல்லை. ஒன்று குடலைத் தளர்த்தும், ஒன்று வளர்ச்சி ஹார்மோனை அடக்கும், ஒன்று வலியைக் கடத்தும். ஒற்றுமை அவற்றின் உருவத்தில் உள்ளது. ஆர்ஜினின், லைசின் போன்ற நேர்மின்சுமை கொண்ட அமினோ அமிலங்கள் ஒரு பக்கமும், நீரோடு ஒட்டாத கொழுப்புத்தன்மை கொண்டவை இன்னொரு பக்கமுமாக இவை அமைந்திருக்கின்றன. சப்ஸ்டன்ஸ் பியை எடுத்துக்கொண்டால், தலைப்பகுதியில் ஒரு ஆர்ஜினினும் ஒரு லைசினும், வால்பகுதியில் இரண்டு ஃபினைல்அலனின்களும் இருப்பதைக் காணலாம்.

அப்படியானால் இவற்றுக்கென்று மாஸ்ட் செல்லில் ஒரு ஏற்பி உண்டா?

ஏற்பி என்பது குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொண்டு செல்லுக்குள் செய்தி அனுப்பும் புரதம். நெடுங்காலம் விடை கிடைக்காத கேள்வி இது. சப்ஸ்டன்ஸ் பிக்கு நரம்பில் உள்ள என்கே1 ஏற்பியை மருந்தால் அடைத்த பிறகும் மனித மாஸ்ட் செல் திறந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இத்தனை மூலக்கூறுகளுக்கும் பொதுவாக ஒரு ஏற்பி இருக்க முடியாது என்று கருதியவர்கள், இப்பெப்டைடுகள் செல்சவ்வை ஊடுருவி, ஏற்பியின் செய்தியை உள்ளே கடத்தும் ஜி புரதத்தையே நேரடியாகத் தூண்டுகின்றன என்று 1990களில் விளக்கம் சொன்னார்கள். ஜி புரதத்தை முடக்கும் கக்குவான் நச்சு இவ்வெளியேற்றத்தைத் தடுத்ததால் அவ்விளக்கம் நம்பும்படியாகவே இருந்தது.

2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், மனித மாஸ்ட் செல்லில் எம்ஆர்ஜிபிஆர்எக்ஸ்2 என்ற ஏற்பி இருப்பதையும், காரத்தன்மை கொண்ட பெப்டைடுகள் அதைத் தூண்டுவதையும் காட்டினார்கள். 2015இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷின்சோங் டோங்கின் குழு, இதற்கு இணையான எலி ஏற்பியை அடையாளம் கண்டு, அந்த மரபணு இல்லாத எலிகளில் 48/80 உட்படப் பல பொருட்கள் பலனற்றுப் போவதை நிறுவியது. அதே எலிகளில் ஐஜிஇ வழி பழுதில்லாமல் இயங்கியது என்பது முக்கியம், ஏனெனில் செல்லுக்குத் தனித்தனியாக இரண்டு கதவுகள் இருப்பது அதனால்தான் உறுதியாயிற்று. 2021இல் இந்த ஏற்பியின் உருவம் அணுவளவில் படமெடுக்கப்பட்டது. அதன் பள்ளத்தில் 164ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலமும் 184ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலமும் எதிர்மின்சுமையோடு நிற்கின்றன. பெப்டைடின் ஆர்ஜினினோ லைசினோ அங்கே வந்து பொருந்துகிறது. நேர்மின்சுமை கொண்ட எவர் வந்தாலும் ஏறக்குறைய வழிவிடும் அகலமான வாசல் இது.

எல்லாப் பெப்டைடுகளும் இந்த ஒரே வாசலில் நுழைவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நியூரோடென்சினுக்கும், இரத்தக்குழாயைச் சுருக்கும் பெப்டைடான எண்டோதீலின்-1க்கும் மாஸ்ட் செல்லில் தனி ஏற்பிகள் உண்டு.

ஏற்பி தூண்டப்பட்ட பிறகு செல்லுக்குள் நடப்பது என்ன?

ஜி புரதம் விழித்தெழுந்து ஃபாஸ்ஃபோலிபேஸ் சி என்ற நொதியை இயக்குகிறது. அந்நொதி சவ்விலுள்ள ஒரு கொழுப்பை இரண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டு செல்லின் உட்கிடங்கிலிருந்து கால்சியத்தைத் திறந்துவிடுகிறது, மற்றொன்று புரோட்டீன் கைனேஸ் சியைத் தூண்டுகிறது. கால்சியம் உயர்ந்ததும், மணியின் சவ்வும் செல்லின் சவ்வும் ஸ்நேர் என்ற புரதங்களால் ஒன்றோடொன்று முறுக்கிப் பிணைந்து உருகி ஒன்றாகின்றன. மணி வெளியே திறக்கிறது.

ஐஜிஇ வழியோடு ஒப்பிட்டால் வேகத்தில் வேறுபாடு தெளிவாகத் தெரியும். பெப்டைடு வழியில் சில நொடிகளிலேயே மணிகள் வெளிப்படத் தொடங்கி விரைவில் ஓய்ந்துவிடுகின்றன. அவை சிறிய உருண்டைகளாகத் தனித்தனியே வெளிவருகின்றன. ஐஜிஇ வழியில் மணிகள் உள்ளேயே ஒன்றோடொன்று கலந்து, பெரிய ஒழுங்கற்ற கட்டிகளாக, சற்றே தாமதித்து வெளிவந்து நீண்ட நேரம் தொடர்கின்றன. மேலும், மனிதத் தோலின் மாஸ்ட் செல்களை சப்ஸ்டன்ஸ் பி தூண்டும்போது ஹிஸ்டமின் வரும் அளவுக்கு, அழற்சியைத் தூண்டும் பிற பொருட்களான புரோஸ்டாகிளாண்டினும் லூக்கோட்ரையீனும் வருவதில்லை.

இந்த ஹார்மோன்கள் எப்போதும் நம் உடலில் இருக்கின்றனவே, நாம் ஏன் எந்நேரமும் அரித்துக்கொண்டிருப்பதில்லை?

முதலாண்டு மாணவி ஒருவர் கேட்ட கேள்வி. இதைவிடச் சிறந்த கேள்வியை இந்தப் பாடத்தில் நான் கேட்டதில்லை.

விடை செறிவில் இருக்கிறது. இரத்தத்தில் பெப்டைடு ஹார்மோன்கள் பெரும்பாலும் பிக்கோமோலார் அளவில் ஓடுகின்றன. மாஸ்ட் செல்லைத் திறக்கவோ பொதுவாக மைக்ரோமோலாருக்கு நெருங்கிய அளவு வேண்டும். ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே பத்து லட்சம் மடங்கு தூரம். ஆகவே இரத்தத்தில் சுற்றிவரும் இயல்பான ஹார்மோன் மாஸ்ட் செல்லைக் கடந்து செல்லும்போது எதுவும் நடப்பதில்லை. அவ்வளவு செறிவு இரண்டு சூழ்நிலைகளில் மட்டும் கைகூடும். ஒன்று, நரம்பு முனை தன்னை ஒட்டியே இருக்கும் மாஸ்ட் செல்லின்மீது நேரடியாகச் சுரக்கும்போது. மற்றொன்று, நாமே ஊசியால் செலுத்தும்போது. அத்துடன், எல்லா மாஸ்ட் செல்களும் இதற்கு இசைவதும் இல்லை. இந்த ஏற்பி தோலின் மாஸ்ட் செல்களில் நிறைந்திருக்கிறது, நுரையீரலில் உள்ளவற்றில் மிகக் குறைவு.

முன்கையின் உட்புறத்தை நகத்தின் மழுங்கிய முனையால் சற்று அழுத்தி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். முதலில் கோட்டின் மேலேயே சிவக்கும். பிறகு கோட்டைத் தாண்டி இருபுறமும் சிவப்பு பரவும். சிலருக்குக் கோடு தடித்து எழும்பும். இம்மூன்று நிலைகளையும் 1927இல் தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் விவரித்தார். கோட்டைத் தாண்டிப் பரவும் சிவப்புக்கு நரம்பே காரணம். அரிப்பை மேலே எடுத்துச் செல்லும் நரம்பிழை, தன் பக்கக் கிளைகளின் முனையில் சப்ஸ்டன்ஸ் பி போன்ற பெப்டைடுகளைச் சுரக்கிறது. அந்த நரம்பு மரத்துப்போன தோலில் இப்பரவல் தோன்றுவதில்லை. தொழுநோயில் உணர்விழந்த தேமலைச் சோதிக்க ஹிஸ்டமின் சோதனை பயன்பட்டதும் இதனால்தான்.

மனக்கவலை வந்தால் உடலில் தடிப்பு எழும்புகிறது. அதற்கும் இது காரணமா?

ஒரு பங்கு இருக்கக்கூடும். மன அழுத்தத்தில் மூளையின் ஹைப்போதலாமஸ் சுரக்கும் சிஆர்எச் என்ற 41 அமினோ அமில ஹார்மோன் தோலிலும் உற்பத்தியாகிறது. எலித் தோலில் அதை ஊசியால் செலுத்தியபோது மாஸ்ட் செல்கள் திறந்து இரத்தக்குழாய்கள் கசிந்ததை 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. நாள்பட்ட தடிப்பு நோய் கடுமையாக உள்ளவர்களின் தோல் மாஸ்ட் செல்களில் எம்ஆர்ஜிபிஆர்எக்ஸ்2 கூடுதலாக இருப்பதும் பதிவாகியுள்ளது. இதை வைத்து, "எல்லாம் உன் மனசுலதான் இருக்கு" என்று நோயாளியிடம் சொல்வது தவறு. தடிப்பு தோலில் இருக்கிறது, அதற்கு மருத்துவம் உண்டு.

வயிற்றில் கேஸ்ட்ரின் ஹார்மோனும் ஹிஸ்டமினைத்தானே வெளியேற்றுகிறது?

ஆம், ஆனால் மாஸ்ட் செல்லிலிருந்து அல்ல. இரைப்பைச் சுவரில் உள்ள ஈசிஎல் என்ற வேறுவகைச் செல்லிலிருந்து, சிசிகே2 என்ற வேறு ஏற்பியின் வழியாக. தேர்வில் இவ்விரண்டையும் குழப்பி மதிப்பெண் இழப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

ஊசி மருந்துகளால் இப்படி நேருமா?

நேரும். அன்றாட வாழ்வில் இந்த அறிவு மிகுதியும் பயன்படும் இடம் இதுவே. ஹார்மோன்களின் சாயலில் செய்யப்பட்ட பெப்டைடு மருந்துகளான லியூப்ரோலைடு, ஆக்ட்ரியோடைடு, செட்ரோரெலிக்ஸ், ஐகாடிபான்ட் ஆகியவை இதே ஏற்பியைத் தூண்ட வல்லவை. ஊசி போட்ட இடம் சிவந்து தடிப்பதற்கு இது ஒரு காரணம். சூலகத்தையும் விந்தகத்தையும் இயக்கும் ஹார்மோனைத் தடுப்பதற்காக முதலில் உருவாக்கப்பட்ட மருந்துகள் அதிகமாக ஹிஸ்டமினை வெளியேற்றியதால் கைவிடப்பட்டு, மின்சுமையை மாற்றியமைத்த அடுத்த தலைமுறை மருந்துகளே பயன்பாட்டுக்கு வந்தன. பெப்டைடு அல்லாத கிருமிக்கொல்லியான சிப்ரோஃப்ளாக்சசின், மயக்க மருத்துவத்தில் தசையைத் தளர்த்தப் பயன்படும் அட்ராகியூரியம், வலிக்குத் தரும் மார்ஃபின், பெப்டைடும் சர்க்கரையும் கலந்த கிருமிக்கொல்லியான வான்கோமைசின் ஆகியவையும் இவ்வாசலில் நுழைகின்றன.

எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்குச் சர்க்கரை நோயால் காலில் புண். ஒரு மருத்துவமனையில் வான்கோமைசின் ஒரு கிராமை டிரிப்பில் கலந்து இருபது நிமிடத்துக்குள் ஏற்றிவிட்டார்கள். முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று ஆகி, அரிப்பு தாங்காமல் அவர் துடித்திருக்கிறார். கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையால் "வான்கோமைசின் அலர்ஜி" என்று எழுதிவிட்டார்கள். அடுத்த ஆண்டு அதே மருந்து மட்டுமே கேட்கும் கிருமி வந்தபோது, "இன்னா சார், அந்த மருந்து எனக்கு ஆவாதுன்னு எழுதிக்கீதே, போட்டா உசுரு பூடுமா?" என்று கோப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முடிவு சொல்ல நான் மருத்துவர் அல்ல. அப்போது அவரைப் பார்த்த மருத்துவர், அன்று எவ்வளவு நேரத்தில் ஏற்றினார்கள் என்று மட்டும் முதலில் கேட்டார். பிறகு தம் கண்காணிப்பில் இரண்டு மணி நேரம் எடுத்து ஏற்றினார். ஒன்றும் நேரவில்லை. ஒரு கிராமை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும் என்பது எல்லாரும் அறிந்த விதிதான். அது மீறப்பட்டதன் பழி ஓராண்டு முழுக்க அந்த அக்காவின் உடம்பின்மேல் எழுதப்பட்டிருந்ததே என்று எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

வான்கோமைசினுக்கும் அரிதாக உண்மையான ஐஜிஇ அலர்ஜி உண்டு. ஆகவே எவரும் தாமாக முடிவெடுத்து மருந்தை மறுபடி ஏற்றிக்கொள்ளக் கூடாது.

இன்சுலினும் பெப்டைடு ஹார்மோன்தானே? போட்டுக்கொள்ளப் பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம். 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் நம் உடலின் காரஅமில நிலையில் எதிர்மின்சுமையே உடையது. நாம் பேசிக்கொண்டிருக்கும் வாசலுக்கு ஏற்ற உருவம் அதற்கு இல்லை. ஊசி போட்ட இடத்தில் தொடர்ந்து தடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

காசிமேட்டில் வாங்கிய மீனைத் தின்று முகம் சிவந்து உடம்பெல்லாம் அரித்தது. அதுவும் மாஸ்ட் செல்தானா?

பெரும்பாலும் இல்லை. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் மிகுதி. பிடித்த மீனை ஐஸில் வைக்காமல் வெயிலில் விட்டால், அதில் வளரும் பாக்டீரியாக்கள் ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. அப்போது நாம் ஹிஸ்டமினையே நேரடியாக விழுங்குகிறோம். கொதிக்கும் குழம்போ எண்ணெய்ச் சட்டியோ அதை அழிப்பதில்லை. கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக்கூடாது என்று பன்னாட்டு உணவுத் தரநெறி வரையறுக்கிறது. ஒரே சட்டியிலிருந்து தின்ற பலருக்கும் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒன்றுபோல் முகம் சிவந்தால், மீன்மேல் ஐயம் கொள்ளுங்கள். ஒருவருக்கு மட்டும், அதுவும் எந்த மீனைத் தின்றாலும் வந்தால், அது அலர்ஜியாக இருக்கலாம்.

உடம்புக்குக் கெடுதல் செய்யவா இப்படி ஒரு செல் படைக்கப்பட்டிருக்கிறது?

அதன் மணிக்குள் ஹிஸ்டமின் மட்டும் இல்லை, புரதங்களை வெட்டும் நொதிகளும் உண்டு. கடும் தொற்றில் எண்டோதீலின்-1 அளவுக்கு மீறிப் பெருகும்போது, அந்த ஹார்மோன் மாஸ்ட் செல்லைத் திறக்கிறது. திறந்த செல்லிலிருந்து வரும் கார்பாக்சிபெப்டிடேஸ் ஏ என்ற நொதி அந்த ஹார்மோனையே வெட்டிச் செயலிழக்கச் செய்கிறது. தன்னைத் தட்டி எழுப்பியவனையே அடக்கிவைக்கும் இந்த ஏற்பாடு எலிகளில் 2004இல் நிறுவப்பட்டது. சில பாம்புகளின் விஷத்தில் எண்டோதீலினைப் போன்ற சாரஃபோடாக்சின் இருக்கிறது. மாஸ்ட் செல் உள்ள எலிகள் அந்த விஷத்தை, அச்செல் இல்லாத எலிகளைவிட நன்றாகத் தாங்கின என்பது 2006இல் தெரியவந்தது.

ஏவில் போட்டால் போதாதா?

ஏவில், செட்டிரிசின் போன்றவை ஹிஸ்டமின் வெளியேறுவதைத் தடுப்பதில்லை. வெளியேறிய ஹிஸ்டமின் எச்1 ஏற்பியில் அமர இடம் இல்லாமல் செய்கின்றன, அவ்வளவே. அரிப்புக்கும் தடிப்புக்கும் அது போதும். மூச்சுத் திணறினாலோ, குரல் மாறினாலோ, இரத்த அழுத்தம் வீழ்ந்து தலை சுற்றினாலோ, வாசல் எது என்று ஆராய அப்போது நேரம் இல்லை. இரண்டு வழிக்கும் முதல் மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின்தான். அது சுருங்க வேண்டிய இரத்தக்குழாயைச் சுருக்கி, விரிய வேண்டிய மூச்சுக்குழாயை விரித்து, மாஸ்ட் செல் மேலும் திறப்பதையும் குறைக்கிறது.

எந்த வழியில் வந்தது என்று பின்னால் எப்படித் தெரிந்துகொள்வது?

மாஸ்ட் செல் மணியிலுள்ள டிரிப்டேஸ் என்ற நொதியின் அளவை, விளைவு தொடங்கி ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் எடுத்த இரத்தத்திலும், முற்றிலும் குணமாகி 24 மணி நேரம் கழிந்த பின் எடுத்த இரத்தத்திலும் பார்த்து ஒப்பிடுவார்கள். குணமான பின் எடுத்த அடிப்படை அளவை 1.2 ஆல் பெருக்கி 2 கூட்டினால் வரும் எண்ணைவிட முதல் அளவு கூடுதலாக இருந்தால், மாஸ்ட் செல்கள் திறந்தன என்று பொருள். ஆனால் எந்த வாசல் வழியாகத் திறந்தன என்பதை அது சொல்லாது. தோல் சோதனையிலும் எச்சரிக்கை தேவை. சிப்ரோஃப்ளாக்சசினையோ அட்ராகியூரியத்தையோ செறிவாகத் தோலுக்குள் செலுத்தினால், எந்த அலர்ஜியும் இல்லாதவருக்குக்கூடத் தடிக்கும்.

ஆகவே பல வேளைகளில் நடந்ததைச் சரியாகக் குறித்துவைப்பதே கையில் இருக்கும் சிறந்த சான்று. கோப்பில் "அலர்ஜி" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் எழுதினால், அடுத்த மருத்துவருக்கு அதனால் பயனில்லை. மருந்தின் பெயர், அளவு, எத்தனை நிமிடத்தில் ஏற்றப்பட்டது, தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் விளைவு வந்தது, தோலோடு நின்றதா மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் தொட்டதா, அதற்கு முன் அந்த மருந்தை எப்போதாவது வாங்கியதுண்டா, நிறுத்தியதும் எவ்வளவு நேரத்தில் தணிந்தது என்ற இத்தனையையும் எழுதித் தரும்படி, டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.